காதுக்குள் அளந்த சத்தம்

இயந்திரம் போடும் சத்தத்தைக் குறைக்க இரண்டு வழிகள் இருந்தன. இயந்திரத்தைச் சரிசெய்யலாம். இல்லை, கேட்கிறவர்களின் காதைச் சரிசெய்யலாம். சேந்தங்கரையில் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் மலிவு.

சேந்தங்கரை டெல்டாவின் கடைமடையில், கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஊர். மேற்கே, வயல்களுக்கு நடுவில், கம்ப்ரஸர் ஸ்டேஷன் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பூமிக்கடியில் குழாய் வழியாக வரும் எரிவாயு தூரம் போகப் போக அழுத்தம் குறைந்து தளர்ந்துவிடும். அதைப் பிடித்து மறுபடி அழுத்தி அடுத்த ஊருக்குத் தள்ளுவதுதான் ஸ்டேஷனின் வேலை. மூன்று இயந்திரங்கள். அவை நிற்பதே இல்லை. வீட்டு வாசலில் ஒரு பெரிய லாரி எஞ்சினை அணைக்காமல் வருஷக்கணக்கில் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சுவர் அதிர்ந்தது. குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது. குழந்தைகள் தூக்கத்தில் வீறிட்டன. பெரியவர்கள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள்.

ஊர் வழக்குப் போட்டது. சத்தம் ஓர் அளவைத் தாண்டக் கூடாது, அதை ஏற்பவர், அதாவது கேட்பவர், இருக்கும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஊர் பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. கம்பெனியின் வக்கீல்கள் அவசரப்படாமல் தீர்ப்பைப் படித்தார்கள். ஏற்பவர் இருக்கும் இடம் என்றால் எது? வாசலா, கூடமா? இரண்டும் இல்லை, செவிப்பறை என்றார்கள். அதை ஒப்புக்கொள்ள ஒரு நிபுணர் குழுவும் கிடைத்தது.

அப்படித்தான் அந்தக் கருவி வந்தது. அரிசிமணி அளவுதான் இருக்கும். காது டாக்டர் ஒருவர் முகாம் போட்டு, ஒவ்வொருவர் காதிலும் செவிப்பறைக்குப் பக்கத்தில் அதைப் பொருத்தினார். ஸ்டேஷனின் சத்தத்தை அது அடையாளம் கண்டுகொள்ளும். அதற்கு நேர் எதிரான ஒலியை எழுப்பி அதை மட்டும் அழித்துவிடும். மற்றதெல்லாம் வழக்கம்போலக் கேட்கும். கம்பெனி அதற்குச் ‘சாந்தி’ என்று பெயர் வைத்தது. ஊர்க்காரர்கள் அடைப்பான் என்றார்கள்.

உண்மையைச் சொல்வதென்றால் ஊர் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் பிரகாசியும் அவள் புருஷன் சூசைராஜும் முதல் நாளே போய்ப் பொருத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த சூசைராஜ், தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போனான். பிரகாசி அவனை எழுப்பவில்லை. அவன் மூச்சு விடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அதைக் கேட்டே எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு சேந்தங்கரைக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும் ஊர் எல்லையில் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், ஓட்டுக் கேட்க வந்தவர்கள், எல்லோரும்தான். “கையை எடுங்க, பேசறது கேக்கல” என்று ஊர் சிரிக்கும்.

பிறகு கம்பெனி மூன்று இயந்திரங்களை எட்டாக்க முடிவு செய்தது. விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். மதிப்பீட்டுக்குத் தகவல் வேண்டுமே என்று புது இயந்திரங்களைச் சோதனை ஓட்டமாக முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கவும் அனுமதி வாங்கிவிட்டார்கள். ஒருநாள் எல்லோருடைய போனிலும் ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் சாந்தி புதுப்பிக்கப்பட்டது.’ யாரும் அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை.

அது ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள். சுகாதார நிலையத்தில் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பிரகாசி காளீஸ்வரியின் கைக்குழந்தையை எடைத் தொட்டிலில் கிடத்திக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு மொபெட் சரிந்து விழுந்தது. எவர்சில்வர் பாத்திரங்கள் உருண்டன. நாகூர்ப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை பாத்திரம் விற்க வரும் காஜா மைதீன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

“சிஸ்டர்! எல்லாரையும் கூட்டிட்டு ஓடுங்க! வயல் பக்கம் சீறுது!”

காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னா பாய், இன்னைக்கு ரொம்ப சாஸ்தியா இருக்கா?”

மற்றவர்களும் சிரித்தார்கள். பிரகாசியும் சிரித்தாள்.

“ஒக்காருங்க பாய். மூச்சு வாங்குது பாருங்க. தண்ணி குடிங்க.”

“கேக்கலையா ஒங்களுக்கு? யா அல்லா, இது கூடவா கேக்கல?”

“எங்களுக்குத்தான் அடைப்பான் இருக்கே.” அவள் டம்ளரை நீட்டினாள். அவர் அதைத் தட்டிவிட்டு, தொட்டிலிலிருந்த குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். காளீஸ்வரி அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவரை அடித்துக் குழந்தையைப் பிடுங்குவதற்காக எல்லோரும் ஓடினார்கள். அப்போது மேற்கே வானம் வெள்ளையாகப் பளீரிட்டது. முகத்தில் அனல் அடித்தது. வெடிச்சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. கருவிக்குச் சொல்லிக்கொடுத்த சத்தங்களில் வெடிப்பது இல்லை போலிருக்கிறது. சுகாதார நிலையத்தின் ஓடுகள் தொட்டிலின் மேல் விழுந்து கிடந்தன.

சூசைராஜ் சம்பாவுக்கு உழுதுகொண்டிருந்த வயல் ஸ்டேஷன் வேலியை ஒட்டி இருந்தது. குழாயின் வால்வு ஒன்று அங்கேதான் இருந்தது. டிராக்டரில் மிஞ்சியது வெறும் இரும்பு. அவனோடு வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த அஞ்சலையும் செத்துப்போனாள்.

அடக்கம் முடிவதற்கு முன்பே கம்பெனி அறிக்கை விட்டது. சம்பவம் துரதிர்ஷ்டவசமானது, விசாரணையில் இருக்கிறது, விரிவாக்கத் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காஜா மைதீன் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பிணவறை வாசலில் பிரகாசி உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

“நான் அவரைப் பாத்தேன் சிஸ்டர்,” என்றார். “ரோட்டுலேர்ந்து பாத்தேன். டிராக்டரை நிறுத்திப்புட்டு வரப்புல குந்தி சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. அந்தச் சத்தம் எனக்குக் காதைக் கிழிக்குது. நூறு குக்கர் ஒண்ணா விசிலடிச்சா எப்படி இருக்கும், அப்படி. அவரு அதுக்குப் பக்கத்துல நிம்மதியாச் சாப்புடுறாரு. நான் காதைப் பொத்திக்கிட்டுக் கத்துனேன். ஓடுங்க, ஓடுங்கன்னேன்.”

“அவரு என்னா செஞ்சாரு?”

“கையை ஆட்டுனாரு. சிரிச்சாரு.”

பிரகாசிக்குப் புரிந்தது. வெளியூர் ஆள் காதைப் பொத்துகிறான் என்று சிரித்திருக்கிறான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருப்பான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியிருப்பான்.

“பக்கத்துல போயிருக்கணும். பயந்துட்டேன். ஊருக்குள்ள போயி ஆளுங்களக் கூட்டலாம்னு வந்தேன்,” என்று சொல்லி அவர் அழுதார். “பச்சப்புள்ளைக்குக்கூட கேட்டிருக்குமே அது. ஒங்களுக்கெல்லாம் எப்படிக் கேக்காமப் போச்சு?”

அந்தக் கேள்விக்குப் பதில் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு அவளைத் தேடி வந்தது. தாரணி என்ற பெண். கம்பெனியில் சத்தத்துக்கான இன்ஜினியர். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

“மேடம், ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. தப்பா நினைக்காதீங்க. அவர் காதுல இருக்கிற கருவி கம்பெனியோட சொத்து. அதை மட்டும் எடுத்துக்கிட்டு பாடியைக் கொடுத்துருவாங்க.”

பிரகாசி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள் என்று காஜா மைதீன் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்தாள்.

“ஒக்காரு. ஒண்ணு கேக்குறேன், சொல்லிட்டு எடுத்துக்க. காஸ் லீக்கான சத்தம் எங்களுக்கு ஏன் கேக்கல?”

தாரணி உட்காரவில்லை. “விசாரணை நடக்குது மேடம். நான் எதுவும்...”

“அவரு ஒடம்ப ஒரு தடவ பாத்துட்டு வந்து சொல்றியா?”

அந்தப் பெண் பிணவறைக் கதவைப் பார்த்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“புது மெஷினை நிறுத்தும்போதெல்லாம் உள்ள மிச்சம் இருக்கிற காஸை வெளிய விட்டாகணும். அது பயங்கரமாச் சீறும். மதிப்பீட்டுல அந்தச் சத்தம் அளவைத் தாண்டிடுச்சு. அப்படியே காட்டினா விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைக்காது. அதனால சீறல் சத்தத்தையும் அழிக்கிற மாதிரி கருவியை மாத்தினோம்.”

“நீங்களா வெளிய விடுற சீறலுக்கும், ஓட்டை விழுந்து சீறுறதுக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியுமா?”

தாரணி தலையசைத்தாள். தெரியாது.

“தெரியாதுங்கறது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். மேல சொன்னேன். சோதனை ஓட்டம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்னு சொன்னாங்க.”

“வூட்டு சிலிண்டர் லீக்கானா நாத்தம் வருமே. அதுகூடவா வரல?”

“அந்த வாசனை பிறகு சேக்கிறது அக்கா. இந்தக் குழாயில போற காஸுக்கு வாசனையே கிடையாது. சத்தம் ஒண்ணுதான் எச்சரிக்கை.” அவள் ‘மேடத்தை’ விட்டுவிட்டாள் என்பதை அவளே கவனிக்கவில்லை.

“அந்த ஒண்ணையும் நீங்க எடுத்துட்டீங்க.”

தாரணி எழுந்தாள். பிணவறைக்குள் போகாமல் திரும்பி நடந்தாள். பிரகாசி கூப்பிட்டுத் தன் காதைக் காட்டினாள்.

“இத எப்படி வெளிய எடுக்கறது?”

தாரணி பெட்டியைத் திறந்து, மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து நீட்டினாள். நுனியில் கடுகளவு காந்தம் இருந்தது. “மெதுவா உள்ள விட்டா அதுவே ஒட்டிக்கிட்டு வந்துடும். ஆனா அக்கா, ஓட்டையை அடைச்சுட்டு இப்ப எட்டு மெஷினையும் மறுபடி ஓட்டுறாங்க. எடுத்துட்டு ஊர்ல இருக்க முடியாது.”

பிரகாசி தன்னுடையதைச் சேந்தங்கரை பஸ் நிறுத்தத்தில் நின்று எடுத்தாள். முதலில் இடது காது. தலைக்குள் யாரோ இரும்பை இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. வலது காதையும் எடுத்ததும் குமட்டி வாந்தி எடுத்தாள். பற்கள் அதிர்ந்தன. மார்புக்கூடு அதிர்ந்தது. தினமும் நடக்கிற தெரு. ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர் திண்ணையில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். இந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர்கள் அத்தனை நிதானமாக இருந்ததைப் பார்த்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் போனதும் கோபம் வந்தது. அந்தக் கோபம் அப்புறம் இறங்கவே இல்லை.

வீடு வீடாகப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். சிலர் அங்கேயே காதைக் காட்டினார்கள். அஞ்சலையின் மகன் எடுத்துக்கொண்டான். பலர் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை.

“எடுத்துட்டா எப்படி சிஸ்டர் படுக்கறது?” என்றாள் காளீஸ்வரி. பேசும்போதே, கம்பி அண்டாதபடி குழந்தையின் காதைக் கையால் மூடிக்கொண்டாள். “அன்னைக்கு அந்த பாய் இல்லன்னா எம்புள்ள இல்ல. தெரியுது. ஆனா பழைய மாதிரி தூங்காமக் கெடக்க என்னால ஆவாது. பயித்தியம் புடிச்சிரும். கூட்டத்துல வந்து பேசறேன். கருவிய மாத்திக் குடுன்னு கேப்போம். ஆபீசருங்க கேட்டாக்க செய்ய மாட்டாங்களா?”

கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். தள்ளிவைக்கவில்லை. மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினார்கள். இயந்திரங்கள் எட்டானாலும் குடியிருப்போர் செவியில் சத்தம் கூடவில்லை என்று அதில் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. மதிப்பீட்டுக் குழுவினர் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்க, காது டாக்டர் குழுத் தலைவரின் காதருகே குனிந்திருந்தார். மக்கள் அனுபவிக்கும் அமைதியைத் தாங்களும் அனுபவித்து முடிவெடுக்கப் போவதாகக் கீழே போட்டிருந்தது.

“பாத்தியளா, அவங்க காதையும் அடைச்சுட்டாங்க,” என்றாள் பிரகாசி. “அதான் விஷயம். அடைப்பான எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் அவங்கள இஞ்ச நிக்க வைக்கணும். அவங்களும் மனுஷங்கதான். கேட்டுட்டா கையெழுத்துப் போட மாட்டாங்க.”

சமுதாயக் கூடத்தில் காலையில் கூட்டம் தொடங்கியது. மேடையில் குழுவினர். நடுவில் தலைவர் பேராசிரியர் குணாளன், தலை நரைத்த, சாந்தமான மனிதர். கீழே பாதிப் பேர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். அடைப்பான் எடுத்த மீதிப் பேர் துண்டாலும் முந்தானையாலும் காதைச் சுற்றியிருந்தார்கள். ஸ்டேஷனின் இரைச்சலில் கூடத்தின் தகரக் கூரை கிடுகிடுத்தது. ஒவ்வொருவராக மைக் முன்னால் போய்ப் பேசினார்கள். அஞ்சலையின் மகன் பேச முடியாமல் அழுதான். காஜா மைதீன் தான் பார்த்ததைச் சொன்னார். காளீஸ்வரி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். குணாளன் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பிரகாசியின் முறை வந்தது.

“அய்யா, எம்புருஷன் செத்த கதைய இத்தன பேரு சொல்லிட்டாங்க. நான் சொல்லப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். மொதல்ல ஒங்க காதுல இருக்கற அடைப்பான எடுங்க. நான் நர்ஸு. வலிக்காம நானே எடுத்து விடுறேன். எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் இந்தக் கூடத்துல ஒக்காந்திருங்க. அப்பறம் ஒங்க மனசுக்கு என்னா தோணுதோ எழுதிக்குங்க.”

கூட்டம் ஆரவாரம் செய்தது. “எடுங்க! எடுங்க!” என்று பின்வரிசையில் எழுந்து நின்றார்கள். போலீஸ்காரர்கள் நகர்ந்து முன்னால் வந்தார்கள். பிரகாசி அந்தக் கம்பியோடு மேடைப் படியில் ஏறினாள். குணாளன் கையை உயர்த்திப் போலீஸை நிறுத்தினார். அவள் பக்கம் குனிந்து, தலையைச் சற்றுத் திருப்பிக் காதைக் காட்டினார்.

“பாருங்கம்மா. என் காதுல ஒண்ணும் இல்ல.”

அவள் பார்த்தாள். நர்ஸின் பழக்கத்தில் காது மடலை இழுத்துப் பிடித்து, கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். இல்லை. இன்னொரு காதையும் காட்டினார். அதிலும் இல்லை.

“போட்டோவுக்காக உட்கார்ந்தோம்,” என்றார் அவர். “எங்க யாருக்குமே பொருத்தல. ஒரு நாளைக்கு வந்துட்டுப் போறவங்களுக்கு எதுக்குன்னு டாக்டரே சொல்லிட்டார்.”

“அப்ப... இந்தச் சத்தம் ஒங்களுக்குக் கேக்குதா?”

“காலையில கார்லேர்ந்து எறங்கினதிலேர்ந்து கேக்குதும்மா. ரொம்ப மோசமாத்தான் இருக்கு. தலை வலிக்குது.” அவர் குரலில் கேலி இல்லை. கனிவுகூட இருந்தது. “நீங்க எல்லாரும் பேசினதும் தெளிவாக் கேட்டுது. அந்தப் பாத்திரக்காரர் சொன்னது, அந்தப் பையன் அழுதது, எல்லாம். பதிவு பண்ணியிருக்கோம்.”

பிரகாசி கைபேசி வெளிச்சத்தை அணைத்தாள். அவளுக்கு வேறு கேள்வி எதுவும் இல்லை. அவர் மைக்கை நோக்கித் திரும்பி, “அடுத்தவரைக் கூப்பிடுங்க” என்றார்.

அனுமதி அந்த மாதமே வந்துவிட்டது. கூடுதல் இயந்திரங்களை நிரந்தரமாக இயக்கலாம். கருவிகளை அவ்வப்போது மேம்படுத்த வேண்டும். மக்களின் கருத்துகள் முழுமையாகக் கேட்கப்பட்டன என்று ஆணையின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. அது பொய்யில்லை.

ஆணை வந்த மறுநாள் காலையில், ஓடு மாற்றப்பட்ட சுகாதார நிலையத்தைப் பிரகாசி திறந்தபோது வாசலில் காளீஸ்வரி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெரு முனை வரை ஆட்கள் நின்றார்கள். காளீஸ்வரி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கொண்டையை ஒதுக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.

“நல்லா யோசிச்சுக்க,” என்றாள் பிரகாசி. “இதுக்கு அப்பறம் தூக்கம் வராது.”

“வர வேணாம்,” என்றாள் காளீஸ்வரி.